எரியாத சிவப்பு விளக்கு

திருமுருகன்பூண்டிப் பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், தையல் மெஷின் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு விளக்கு மாட்டிக் கொடுத்திருந்தோம். ஜப்பான் ஃபாக்டரிகளில் உள்ள ஏற்பாடு. தப்பைக் கண்டவர் யாரானாலும் பொத்தானை அமுக்கலாம். விளக்கு எரியும், அந்தத் தையல் லைன் முழுவதும் நிற்கும். இரண்டு வாரமாகியும் ஒன்றுகூட எரியவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க எங்கள் சென்னை ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த லைனின் சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். பேசும்போதெல்லாம் அதன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார்.

அன்று முதலாளி எழுதிக் கொடுத்த கழுத்தளவே அரை இஞ்ச் தப்பு. அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். "பொத்தானை அமுக்குங்கம்மா!" என்று பரபரத்தேன்.

"மொதலாளி தப்பை நாலு பேருக்கு முன்னால லைட்டுப் போட்டுக் காட்டறதுங்களா? சும்மா இருங்க சார்."

தைத்த பீஸ் ஒன்றையும் ஆர்டர் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் நிதானமாக நடந்தார். "எனக்குச் சரியாப் புரியலீங்க. ஒருக்கா நீங்களே அளந்து காட்டுங்க."

முதலாளி இரண்டையும் அளந்தார். முகம் மாறியது. "லைனை நிறுத்துங்க!" என்று அவரே கத்தினார்.

விளக்கு எரியவில்லை, லைன் நின்றுவிட்டது. இதை எப்படி ரிப்போர்ட்டில் எழுதுவது? எப்படியோ எழுதினேன்.

சென்னை ஆபீசில் மேனேஜர் அதைப் படிக்கவே இல்லை. "விளக்கு சின்னதா இருக்கு. பெருசா மாத்திடலாம்," என்றார். சுற்றிலும் பத்துப் பேர். பதில் எனக்கு வாய்வரை வந்துவிட்டது. விரல்கள் சட்டை நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"எனக்குச் சரியாப் புரியல சார்," என்றேன். "ஒரு தடவை நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்களேன்."