எழுபதாவது கையெழுத்து

அப்பா இறந்து ஏழு வாரம் ஆகிறது. பெயர் உசியேல் ககுவா. குனேனே மாகாணத்தில் எங்கள் ஊர் வனக்குழுவின் காவலராக இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்தார். துப்பாக்கி கிடையாது, ஒரு நோட்டு, ஒரு பென்சில். எந்த யானை யார் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஆட்டைச் சிறுத்தை தின்றபோதும், ‘ஆடு: ஒன்று. உரிமையாளர்: நான்’ என்றுதான் எழுதினார்.

நாலு வருடம் முன்பு, வனக்குழுவின் ஆண்டுக் கூட்டம். எழுபது பேராவது வந்து கையெழுத்திட்டால்தான் ஊர்க் காட்டின் விலங்குகள் மேல் ஊருக்கு உரிமை. இரண்டு முறை ஆள் போதவில்லை. மூன்றாவதும் தவறினால் உரிமை தலைநகருக்குப் போய்விடும். கையெழுத்துத் தாளை அன்று மாலை ஐந்து மணிக்குள் வனத்துறை அலுவலகத்தில் சேர்க்கவேண்டும். அறுபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள்.

வருவதாகச் சொல்லியும் வராதவர் அப்பாவின் மச்சான் முஹாருவா. தன் தொட்டியை உடைக்கும் யானையைச் சுடவேண்டும் என்ற தீர்மானமே அவருடையதுதான். அப்பா போன் போட்டார்.

“கக்கூஸ்ல இருக்கேன் மச்சான்.”

“முடிச்சிட்டு வாய்யா.”

“எப்பவோ முடிச்சாச்சு. அது வெளியே நிக்குது.”

“எது?”

“சத்தமா கேக்காதீங்க. அதுக்குக் காது பெருசு.”

அப்பா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கூட்டம் எங்கே நடக்கவேண்டும் என்று அதில் இல்லை. தலைவி பெத்ரினா அக்கா எழுந்தார். “நாற்காலியைத் தூக்குங்க.”

அறுபத்தொன்பது பேர், கூட்டத்துக்குக் காய்ச்சிய கஞ்சிப் பானையோடு முஹாருவா வீட்டுக்கு நடந்தோம். எதிர்காற்று, யானைக்கு எங்கள் வாடை போகாது. எண்பது மீட்டரில் நின்றோம். அப்பா மட்டும் வருகைத் தாளோடு கக்கூஸின் பின்பக்கம் போனார். யானைக்கும் அவருக்கும் பதினோரு மீட்டர். பிறகு அளந்து பார்த்தேன். காற்றுத் துளை வழியே தாளும் பேனாவும் உள்ளே போயின. அப்பாவின் போன் பெத்ரினா அக்காவிடம் இருந்தது; அழைப்பைத் துண்டிக்காததால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

“எழுதல மச்சான்.”

“உதறு.”

“உதறினேன். விழுந்துடுச்சு.”

“எங்க?”

“எங்கன்னு கேக்காதீங்க.”

அப்பா யாருக்கும் கொடுக்காத பென்சிலைக் கொடுத்தார். கையெழுத்து வெளியே வந்தது. எழுபது.

பெத்ரினா அக்கா போனிலேயே தீர்மானத்தைக் கிசுகிசுத்தார். யானையைச் சுட ஆதரவு முப்பத்தைந்து, எதிர்ப்பு முப்பத்து நாலு. துளையிலிருந்து ஒரு கை நீண்டது, எதிர்ப்புக்கு. சமநிலை, தீர்மானம் விழுந்தது.

“யோவ், உன் தீர்மானம்யா அது!”

“என் பக்கத்துல நிக்கிறப்போ எப்படிக்கா சுடச் சொல்வேன்? மிரட்டி ஓட்டு வாங்குனாங்கன்னு எழுதிக்குங்க.”

“மிரட்டினது யாருன்னு பேர் வேணும்யா,” என்றார் அப்பா.

நாலு மணிக்கு யானை தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனது. முஹாருவா வெளியே வந்து முதலில் கஞ்சி கேட்டார். தாள் ஐந்து மணிக்குள் அலுவலகம் சேர்ந்தது. உரிமை எங்களிடமே இருக்கிறது, யானையும்தான்.