ரோலர் ரூம் மாரிமுத்துவும் என் கனிவான குரலும்

எங்கள் தொழிலில் நாக்கை அடக்குவதற்குத்தான் சம்பளம். கவுன்சலிங் செய்யும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? அறிவுரை சொல்லக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, எதிரில் இருப்பவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷங்களில், குன்னூர் பக்கம் ஜெகதளாவில் நான் அப்படிக் கூடவே இருந்த கதையைக் கேளுங்கள்.

வாய் திறக்காத மனிதர்

மூடிவிட்ட டீ ஃபேக்டரியில், இலையை நசுக்கிச் சுருட்டும் ரோலர் மிஷினை ஓட்டியவர் மாரிமுத்து. அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தவர் மனைவி ஈஸ்வரி. வேலை போனதிலிருந்து மனிதர் யாரோடும் பேசுவதில்லையாம். தனியாகத் திருப்பூருக்குப் போகிறேன் என்று பையும் கட்டிவிட்டாராம். போனால் திரும்பி வரமாட்டார் என்று ஈஸ்வரிக்கு ஒரே பயம்.

பயிற்சியில் கற்ற குரலை எடுத்தேன். குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். "எப்பப் பேசணும்னு தோணுதோ, அப்பப் பேசலாங்க" என்றேன். நான் அவரைக் கனிவாகப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். நேரம்தான் போனது. வெளியே வந்ததும் ஈஸ்வரி கேட்டார்: "ஏனுங்க மேடம், ரெண்டு பேரும் இப்படிப் பேசாம உக்கோந்திருக்கறதுக்கு எங்க ஊடே போதுமேங்க?"

இலை லாரி செய்த உபகாரம்

அடுத்த முறை அவர் வரவில்லை. பூட்டிய ஃபேக்டரி கேட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார் என்று ஈஸ்வரி சொல்லியிருந்ததால் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்லிய குரலில் ஏதோ கேட்டேன். அவர் கேட்டின் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வேறு ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடேறியது. அந்தச் சத்தத்தில் அவர் காதருகே தொண்டை கிழியக் கத்தினேன்: "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?" என்றார்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரி போனதும் பழைய குரலில் பேசிப் பார்த்தேன். மறுபடி கல்லாய் உட்கார்ந்திருந்தார். கத்தினேன், கொட்டித் தீர்த்துவிட்டார்! ரோலர் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று காது மந்தமாகிப்போனது அவருக்கே தெரியவில்லை. அந்த ரூமில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஈஸ்வரியும் முன்பெல்லாம் வீட்டில் அப்படித்தான். வேலை போன மனுஷன் மனசு நோகக் கூடாதென்று இப்போது வீடே குரலைத் தணித்திருக்கிறது. மாரிமுத்து சொன்னார்: "அவங்களுக்குள்ளயே குசுகுசுன்னு பேசிக்கறாங்க, எங்கூட ஒருத்தரும் பேசறதில்லீங்க. வேண்டாத ஆளு எதுக்கு அங்க இருக்கோணும்?"

ஈஸ்வரியின் சிகிச்சை

விஷயத்தை ஓடிப்போய் ஈஸ்வரியிடம் சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அது மாரிமுத்துவின் மனசு, அவர்தான் திறக்க வேண்டும். "வீட்ல சொல்லட்டுமா?" என்று கத்திக் கேட்டேன். "நானே கேக்கறேனுங்க" என்று எழுந்தார். எனக்கோ குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நானும் பின்னாலேயே போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று, "ஏம் புள்ள எங்கூடப் பேசறதில்ல?" என்றார். ஈஸ்வரி பதறி, மெதுவாக, "பேசிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார். அவர் காதில் அது விழவே இல்லை. நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். ஈஸ்வரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக, ஊருக்கே கேட்கக் கத்தினார்: "பையப் பிரிச்சு வையுங்க! நீங்க இல்லாத ஊட்ல எனக்கு மட்டும் என்ன வேலைங்கறேன்?"

மாரிமுத்து சொன்னார்: "இப்பக் கேக்குது புள்ள."

கனிவு என்றால் மெதுவாகப் பேசுவது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் யாரும் ரோலர் ரூம் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.