மிதவைக்கு வைத்த பொட்டு

அம்பத்தூரில் கடல் இல்லை. ஆனாலும் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு ஆழமான பாதையைக் காட்டும் மிதவை ஒன்றை நாங்கள் இங்கேதான் செய்தோம். அதுவரை தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்த பட்டறை எங்களுடையது. ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு, அதற்குப் பச்சை வண்ணம், உச்சியில் விளக்கு. விளக்குக்கு வயர் இழுத்தது நான். இந்த ஒன்று தேறினால் மற்றவையும் நமக்கே என்று முதலாளி சொல்லியிருந்தார். தேறாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. பொட்டு வைப்பது எப்போதும் பெயிண்ட் அடிக்கும் அக்காதான். வெல்டிங் மெஷின், ஸ்பேனர், ஃபேன் சுவிட்ச், முதலாளியின் பைக், எதையும் விடமாட்டார். வைத்த பொட்டை எங்கள் பட்டறையில் யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை இருக்கும். எங்கு பார்த்தாலும் பொட்டு என்பதால் எதுவும் எங்கள் கண்ணில் படாது.

பூஜை முடிந்ததும் விளக்கை உச்சியில் ஏற்றினேன். துறைமுகத்திலிருந்து அதிகாரி வந்தார். அவர் முன்னால்தான் இணைப்பைக் கொடுத்தேன். பகலில் சும்மா இருந்து, இருட்டினால் தானாக எரிய வேண்டிய விளக்கு அது. உச்சி வெயிலில் ஜோராக மின்ன ஆரம்பித்தது.

"பகல்லயே எரிஞ்சா ராத்திரிக்கு பேட்டரி நிக்குமாம்மா? இத நம்பித்தான் கப்பல் வரும்" என்றார் அதிகாரி. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

 ஏணியில் ஏறி வயர்களைக் கழற்றி மாட்டினேன். மின்னியது. மறுபடி கழற்றினேன். மறுபடி மின்னியது. விளக்கின் மேல் வந்த கோபம் மெல்ல என் மேலேயே திரும்பியது. முதலாளி நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். ஏணியைப் பிடித்திருந்த அக்கா கேட்டார்:

"இது பகலுன்னு அதுக்கு எப்டிமா தெரியும்?"

"உச்சில சின்னதா ஒரு கண்ணு இருக்குக்கா. வெளிச்சம் பட்டா அணைஞ்சிரும்."

"வெளக்கப் போயி அணையும்னு சொல்லாத" என்று கடிந்துகொண்டவர், அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அது கண்ணா? நான் நெத்தின்னு நெனச்சிகினு பொட்டு வச்சிட்டேன்மா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். மின்னுவது நின்றது. ஒரு விளக்கு அணைந்ததற்கு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முதலாளிகூடச் சிரித்தார். "மலையேறிச்சி" என்றார் அக்கா, முறைப்படி. அதிகாரி தானே ஏறி, கண்ணைக் கைக்குட்டையால் மூடியும் திறந்தும் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் டிரெய்லர் வந்தது. மிதவையை ஏற்றிக் கட்டினார்கள். அக்கா குங்குமத் தட்டோடு தூரத்திலேயே நின்றுவிட்டார். மதியம் நடந்ததற்குப் பிறகு பக்கத்தில் வர அவருக்கு மனம் இல்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிளம்பத் தயாரான அதிகாரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பொட்டு வைக்காமயா கடலுக்கு அனுப்பப் போற?"

அக்கா வந்தார். தண்ணீருக்குள் மூழ்கும் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வைக்கச் சந்தனம் எடுத்தவர், என்னைப் பார்த்தார்.

"இங்க கண்ணு கிண்ணு எதுனா கீதா?"

"இல்லக்கா, தாராளமா வையுங்க."

டிரெய்லர் முகப்பேர் சாலைக்குத் திரும்பும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. யாரும் தொடாமல், தானாக, உச்சியில் பச்சை மின்னியது. வீட்டில் விளக்கு வைத்ததும் கும்பிடுவதுபோல அக்கா கைகூப்பினார். நானும் கும்பிட்டேன்.