மங்களம் பாடாத அந்தோணி மாமா

சனிக்கிழமை மாலை அந்தோணி மாமாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், மறுநாள் சிதம்பரம் என்று அர்த்தம். அதனால் எடுத்ததுமே, "சட்டை இஸ்திரி போட்டாச்சு மாமா" என்றேன். அந்தப் பக்கம் அவர் மகள். "அப்பா போயிட்டாரு" என்றாள். அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கடலூரில் அவர் அடக்கத்துக்குப் போனேன்.

அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாக என்ன சொல்ல? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு முதியோர் இல்லங்களுக்குக் கிளம்பியவர். டோலக் வாசிக்க என்னைப் பிடித்தார். என்னை மச்சான் என்பார். எனக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது. யாராவது பாட்டின் நடுவில் தூங்கிவிட்டால் எனக்குக் கோபம் வரும். அவரோ, "சத்தத்தக் கொற மச்சான். மாத்திர போட்டும் தூங்காதவங்க இவுங்க" என்பார்.

சிதம்பரம் இல்லத்தில் அலமேலு அம்மா அறையை விட்டே வரமாட்டார். கணவர் போனபின் கட்டிலும் சுவரும்தான் அவருக்கு. ஒருநாள் மாமா அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து ஓர் ஊஞ்சல் பாட்டுப் பாடினார். கடைசிச் சரணம் மறந்துபோய்விட்டது. மனிதர் அசரவில்லை. "மீதி அடுத்த வாரம்" என்று பெட்டியை மூடினார். பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தேன். அடுத்த ஞாயிறு போனால், அலமேலு அம்மா தலைவாரிக்கொண்டு கூடத்தில் முதல் நாற்காலியில் இருக்கிறார். "பாக்கியப் பாடுய்யா. வாரம் பூரா மனசுல பாதியிலயே நிக்குது" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பழைய பாக்கியை முடிப்பார், புதிதாக ஒன்றைப் பாதியில் விடுவார். கச்சேரி என்றால் கடைசியில் மங்களம் வேண்டாமா என்று கேட்டேன்.

"மங்களம் பாடுனா கெளம்பறோம்னு தெரிஞ்சிடும் மச்சான். அப்புறம் வாசக் கேட்டு வரைக்கும் நம்ம முதுகையே பாத்துக்கினு இருப்பாங்க."

அடக்கத்துக்கு அடுத்த வாரம் தனியாகப் போனேன். செய்தி கேட்டதிலிருந்து அலமேலு அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதாகவும், சாப்பாட்டைச் சரியாகத் தொடவில்லை என்றும் சொன்னார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. அறை வாசலில் உட்கார்ந்து, மாமா விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். அலமேலு அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஏன்யா பாட்ட இப்பிடிக் கொல்ற?" என்று எழுந்து உட்கார்ந்தார். தப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, முடிக்க வைத்தார். உடனே இன்னொரு பாட்டை எடுத்து நடுவில் நிறுத்தினேன்.

"நீயுமா?" என்று முறைத்தார். பிறகு தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நிறுத்தத்தைத்தான். முதல் தடவை அவருக்குச் சரணம் மறந்துபோயிருந்தது. எனக்கு மீதி முழுவதும் தெரியும், பாடாமல் வந்தேன்.