பச்சைக்குள் இருந்த மயில்

பாண்டிருப்புக் கந்தப்போடியாரைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று என் மனைவி அஸீஸா கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மனுசனைப் பற்றி நாலு பேருக்குத் தெரியவேண்டுமென்றால் நான்தான் சொல்லவேண்டும். அவருடைய மனதின் அளவைக் கண்டவன் நான் ஒருவன்தான். கண்ட விதத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள், பரவாயில்லை.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பெயர் அபுல் ஹஸன். பஞ்சர் ஒட்டுவதும் வளைந்த றிம்மை நிமிர்த்துவதும் எல்லாரும் செய்கிற வேலை. எனக்குப் பெயர் வாங்கித் தந்தது பெயின்ற் வேலை. பாரில் ஓடும் பொன்னிறக் கோட்டை அடிமட்டம் வைக்காமல் ஒரே மூச்சில் இழுப்பேன். மட்கார்டில் சொந்தக்காரரின் பெயரை எழுதுவேன். அக்கரைப்பற்று வரைக்கும் என் கோட்டை ஆட்கள் தூரத்திலேயே அடையாளம் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் என் தலையில் மண்ணைப் போட்டதும் அதுதான்.

போடியார் என்றதும் பெரிய வயல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு இருந்தது மூன்றே ஏக்கர். போடி என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அவருக்கு இருந்த ஒரே பவிசு ஒரு ஹம்பர் சைக்கிள். அறுபத்தோராம் ஆண்டு பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு கல்முனையில் வாங்கியது. மற்றச் சைக்கிள்களில் முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கில் பக்கத்துக்கு ஒரு குழாய். ஹம்பரில் பக்கத்துக்கு இரண்டு. அந்த இரட்டைக் குழாயைப் பார்ப்பதற்காகவே சின்ன வயதில் நாங்கள் அவருக்குப் பின்னால் ஓடியிருக்கிறோம். விதைநெல் போனதும் அதில்தான். அவருடைய மனைவி மீனாம்பிகைக்குப் பிள்ளைவலி எடுத்தபோது பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்ததும் அதில்தான். வருசா வருசம் எடுத்த சைக்கிள் லைசன்ஸ் தகடுகளில் ஒன்றைக்கூட எறியாமல் கம்பியில் கோத்து சீற்றுக்குக் கீழே கட்டியிருந்தார். கிலுகிலு என்று சத்தம் கேட்டால் போடியார் வருகிறார் என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் கோகுலன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற காலத்தில், என் கடையில் மிஞ்சிய பெயின்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஹம்பரின் செயின் கவரில் ஒரு மயில் வரைந்தான். மயிலா அது! கழுத்து கொக்குக்கு, கால் கோழிக்கு. தோகைக்கு மட்டும் பெயின்றைத் தடிக்கத் தடிக்க அப்பியிருந்தான். "என்ன தம்பி, இத முட்டை இட வெச்சா அவிச்சுத் தின்னலாம் போல" என்று நான் பகிடி பண்ணினேன். அவனும் சிரித்தான்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை மூண்டிருந்த காலத்தில் ஒருநாள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்து போன கோகுலன் திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே கொண்டு போனார்கள், இன்றைக்கும் தெரியாது. அந்த வருசமே அவர்களின் வீடும் எரிந்தது. பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்த மயில்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

2004 டிசம்பர் இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் கடை திறந்தபோது போடியார் ஹம்பரோடு நின்றார்.

"தம்பி, துரு தின்னுது. முழுக்கச் சுரண்டி அடி. நிறம் உன்ட விருப்பம்," என்றார். பிறகு செயின் கவரைத் தடவினார். "இதில மட்டும் கை வெச்சிராத."

"போடியார், அமானிதமாத் தந்தத அமானிதமாவே திருப்பித் தருவன்," என்றேன்.

ஒருவர் நம்பி நம் கையில் ஒப்படைக்கும் பொருளுக்கு எங்களில் அமானிதம் என்று பெயர். அதைக் கெடுத்தவன் மறுமையில் பதில் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். எவ்வளவு லேசாக என் வாயில் வந்தது அந்தச் சொல்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. கடை போனது, வீடு போனது. அல்லாஹ்வின் காவல், நானும் அஸீஸாவும் தப்பினோம். ஐந்தாம் நாள், மேற்கே தாழம்பற்றைக்குள் இரட்டைக் குழாய் ஒன்று வெயிலில் மின்னியது. ஹம்பர்! சில்லு நெளிந்திருந்ததே தவிர வேறு சேதமில்லை. லைசன்ஸ் தகடுகளும் சேற்றோடு அப்படியே தொங்கின.

பாண்டிருப்புக் கடற்கரையில் போடியார் குடும்பமே முடிந்துவிட்டது என்று நாங்கள் ஒதுங்கியிருந்த முகாமில் கதைத்தார்கள். பாண்டிருப்பு எங்களுக்குக் கூப்பிடு தூரம். நடந்து போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நான் போகவில்லை. கண்டெடுத்த பொருளைப் பள்ளிவாசலில் ஒப்படையுங்கள், வாரிசுகள் வந்து எடுக்கட்டும் என்று ஒலிபெருக்கியில் ஒரு நாளைக்கு ஐந்து தரம் சொன்னார்கள். நான் கேட்காதவன்போல் இருந்தேன். எல்லாம் போன எனக்கு இந்த ஒரு சாமானாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். இப்போது சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சம்மாந்துறையில் என் மச்சான் மசூர் வீட்டுக் கொல்லையில் வைத்து வேலை செய்தேன். தகடுகளைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். சட்டத்தைச் சுரண்டினேன். மயிலைச் சுரண்ட மனம் வரவில்லை. அதற்கு மேலாலேயே இரண்டு தடவை பச்சை அடித்தேன். அதை இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ! பிறகு பொன்னிறக் கோடு இழுத்தேன். என் ஆயுளிலேயே அப்படி ஒரு கோடு அமைந்ததில்லை.

மாசி மாதம் எங்கள் முகாம் கூடாரத்துக்கு முன்னால் போடியார் வந்து நின்றார். உயிரோடு! தலையில் ஒரு அரிசி மூடை. வயலிலிருந்து மூன்று மைல் நடந்து வந்திருக்கிறார்.

"நீ இருக்காயே தம்பி, அது போதும்," என்றார். "மனிசி கடலோட போயிட்டா. வயலுக்குள்ள உப்புத் தண்ணி வரல்ல. புது அரிசி, திண்டு பாருங்க."

அஸீஸா அழுதுகொண்டே மூடையை வாங்கினாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார்.

"சைக்கிள்?"

இருக்கிறது, ஆனால் மயிலை மூடிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கடல் கொண்டு போயிட்டு போடியார்."

"உன்ட கடையையே அள்ளின கடல், என்ட சைக்கிளயா உடப்போகுது," என்று என் தோளைத் தட்டினார். பிறகு, "மயிலும் போயிட்டு," என்றார். அவ்வளவுதான். அந்த அரிசியை நாங்கள் ஒரு மாதம் தின்றோம். ஒவ்வொரு பிடியும் யார் தந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தின்றேன்.

பிறகு அவர் மகளோடு திருக்கோவிலுக்குப் போய்விட்டார். நான் புதுக் கடை போட்டேன். ஹம்பர் மசூர் வீட்டிலேயே சாக்கு மூடிக் கிடந்தது.

சண்டை முடிந்த அடுத்த வருசம், 2010இல், கல்முனையில் சித்திரப் பாட ஆசிரியை பஸ்மினாவும் அவருடைய சிநேகிதிகளும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பழைய சைக்கிள்களும் சைக்கிளைப் பற்றிய சித்திரங்களும். நான் வாயை மூடிக்கொண்டு பார்வையாளனாகப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோடு! ஐந்து வருசமாக ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறதே என்று எனக்கு அரிப்பு. போடியார்தான் திருக்கோவிலில் இருக்கிறாரே என்ற தைரியத்தில் கொண்டுபோய் வைத்தேன். றோட்டெல்லாம் திறந்ததும் அவர் ஊருக்கே திரும்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் இருபத்தாறு சைக்கிள்கள். தபால்காரர் ஓடிய சிவப்பு றலி, பேக்கரிப் பாண் பெட்டி கட்டிய ஒன்று, சோதனைச்சாவடி தோறும் இறங்கி இறங்கி பெடல் தேய்ந்த ஒன்று. கூட்டம் முழுக்க என் ஹம்பரைச் சுற்றித்தான் நின்றது. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தன் சைக்கிளின் கதையைச் சொல்லவேண்டும் என்று பஸ்மினா ஒலிவாங்கியை நீட்டினார்.

"இது எங்கட வாப்பாட சைக்கிள்," என்றேன். "வாப்பா இதிலதான் சாரன் யாவாரத்துக்குப் போறவர்."

கைதட்டினார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால், முன் வரிசையில் போடியார் நிற்கிறார். என் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் மெல்ல நடந்து வந்தார். முதலில் இரட்டைக் குழாயைத் தொட்டார். சீற்றுக்குக் கீழே கையை விட்டுத் தேடினார், அங்கே ஒன்றுமில்லை. பிறகு குனிந்து செயின் கவரில் விரலை வைத்தார். பச்சை பெயின்ற் மயிலின் நிறத்தைத்தான் மூடியிருந்தது, மேட்டை மூடவில்லை. கோகுலன் அப்பிய பெயின்ற் உள்ளே அப்படியே தடித்து நின்றது. அவருடைய விரல் கொக்குக் கழுத்தில் ஏறி, முதுகில் இறங்கி, தோகையில் ஒவ்வொரு கண்ணாகப் போனது. ஓரிடத்தில் நின்றது.

"ஐயா, இந்தச் சைக்கிள உங்களுக்குத் தெரியுமா?" என்று பஸ்மினா ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்.

யா அல்லாஹ், பூமி பிளக்காதா என்று நின்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஓம் பிள்ள, தெரியும்," என்றார். "இவர்ட வாப்பா இதிலதான் எங்கட ஊருக்கு வருவார். நல்ல மனிசன்."

என் வாப்பா ஆயுளுக்கும் சைக்கிள் ஏறாதவர். கைத்தறிச் சாரன் கட்டைத் தோளில் சுமந்து பாண்டிருப்பில் வீடு வீடாக நடந்தவர். அவருக்குத் தண்ணீர் கொடுத்து இருத்தியதே போடியாரின் வீடுதான். எனக்கு முதற்பரிசு தந்தார்கள். வாங்கினேன். பரிசு வாங்கும் அளவுக்கு வெட்கங்கெட்டவனாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அஸீஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அரிசிய என்னையும் திங்க வெச்சீங்களே," என்றாள்.

விடிந்ததும் ஹம்பரை உருட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். ஏறி மிதிக்க மனம் வரவில்லை. போடியார் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார்.

"போடியார், நான் பொய் சொன்னன். அஞ்சாம் நாளே கெடச்சிட்டு. நீங்க மவுத்தாகிட்டீங்க எண்டு நெனச்சன். மயில நான்தான் மூடினன்." ஒரே மூச்சில் கொட்டினேன். "நேத்து ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால உங்கட முகத்தப் பாத்தன். வேற என்னத்தச் சொல்ல?"

அதுவரைக்கும் என்னை நீ என்றே அழைத்தவர்.

"செயின் கவரக் கழட்டித் தாங்க," என்று கெஞ்சினேன். "பச்சைய மட்டும் மெல்ல மெல்ல எடுப்பன். என்னால ஏலும். மயில் வெளிய வரும். சத்தியமா வரும்."

அவர் ஹம்பரை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார்.

"வேணாம். அது உள்ளுக்கே இருக்கட்டும். என்ட விரலுக்குத் தெரியுது," என்றார். "இன்னொருக்கா இத உங்கட கையில தரமாட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு நடந்து வந்தேன்.

அவர் இப்போதும் ஹம்பரில்தான் கல்முனைக்கும் வயலுக்கும் போய் வருகிறார். போன கிழமை என் கடை வாசலில் அவருடைய பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. நான் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "சுகமா ஹஸன்?" என்று சிரித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த வெயிலில், அடுத்த சைக்கிள் கடை வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.