சேவலின் வால்

மொம்பாசாவில் காலையில் கடை திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெண்களின் முதுகுகள்தான். ஒரு முதுகில் மாம்பழம், அடுத்ததில் மீன், அதற்கடுத்ததில் யானை. காங்கா என்று ஒரு துணி. நாலு பக்கமும் பட்டைக் கரை, நடுவில் ஒரே ஒரு பெரிய படம். மஞ்சளும் சிவப்பும் கண்ணைக் குத்தும். இலுப்பூரில் ஒருத்தி இதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் மாடு மிரண்டு ஓடும். இதைப் போய் மணிக்கணக்காக நின்று பொறுக்குகிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

நான் தையல்காரன். இலுப்பூரில் மெஷின் போட்டிருந்தபோது, துணியில் மிச்சம் பிடிப்பதில் எனக்குப் பெரிய பெயர். ரவிக்கைத் துணியை நெடுக மடித்து நடுவில் கத்தரி விட்டால் முன்பக்கம் இரண்டும் ஒரே வெட்டில் வந்துவிடும். மிச்சத்தில் ஒரு பிள்ளைக்குச் சட்டை தேறும். அதை நம்பித்தான் இங்கே கடை வைத்திருக்கும் அறந்தாங்கிப் பக்கத்து முதலாளி என்னைக் கப்பலேற்றினார். மூன்று வருடம் முடிந்தால் ஊருக்கு அனுப்புவதாகப் பேச்சு. நான் கிளம்பியபின் பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை; அவள் என்னை அத்தா என்று கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. ஊரில் என்னை ஆப்பிரிக்கா டெய்லர் என்கிறார்களாம். சொல்லிக்கொள்ளட்டும்!

தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பெண் காங்காவோடு வந்தாள். மகள் கல்யாணத்துக்குத் தனக்குக் கவுன் வேண்டுமாம். நடுவில் முழ உயரச் சேவல். அதைத் தட்டித் தட்டி, "ஜோகோ, ஜோகோ" என்று நீளமாக ஏதோ சொன்னாள். துணியின் பெருமையைப் பேசுகிறாளாக்கும் என்று தலையாட்டி வைத்தேன். இந்தக் கந்தலுக்கு இத்தனை பேச்சா என்ற இளக்காரத்தில் யாரிடமும் அர்த்தம்கூடக் கேட்கவில்லை. பழக்கப்படி மடித்து நடுவில் வெட்டினேன். கழுத்தும் நெஞ்சும் தையலுக்குள் போய், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கமாக நின்றது சேவல்.

வாங்க வந்தவள் என்னைத் திட்டவில்லை. கவுனை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். முதலாளி அவளிடம் பேசிவிட்டு உள்ளே வந்தார்.

"சேவ முதுகுல முழுசா நிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கா. ஒனக்கு வெட்டத்தான் தெரியுது, பாக்கத் தெரியல. புதுத் துணிக்கு நான் பாத்துக்கிறேன். இந்த வருசம் ஊருக்குப் போற பேச்ச விடு."

கெட்டுப்போன கவுன் என் தலையில் விழுந்தது. பிரித்து, தலையிருந்த பக்கத்தில் மகளுக்கு ஒரு சட்டை தைத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வெட்கங்கெட்ட கை, அதிலும் மிச்சம் பிடித்தது.

போன வாரம் என் வீட்டுக்காரி யாரையோ வைத்து எழுதிய கடுதாசி வந்தது. "பிள்ளை சட்டையக் கழட்டவே மாட்டேங்குது. சேவலுக்கு வாலு எங்கன்னு கேக்குது. அத்தாட்ட இருக்குன்னு சொல்லிருக்கேன். பத்திரமா வச்சிருங்க."

வால் என் தலையணை உறையில் இருக்கிறது. தலை இலுப்பூரில் தெருத் தெருவாக ஓடுகிறது. வெட்டியவன் நான்தான்.