லிஃப்ட் வந்துருச்சு, மீதி நாளைக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இடம், லிட்டில் இந்தியா. ஞாயிறு மாலையில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காலை எடுத்து வைத்தால் அடுத்தவர் செருப்பின் மேல்தான் வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கேமரா முன்னால், எனக்கு நானே டாட்டா காட்டுவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

நான் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் நடிக்கிறேன். நடிப்பு படித்து வந்தவள் இல்லை. தேக்கா பக்கம் வளையல் கடையில் நின்றவள். விலை மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் நிற்பவர்களை எங்கள் முதலாளி "ஏசிக் காத்து வாங்க வந்தவங்க" என்பார். இப்படி ஜனங்கள் வாயிலிருந்து விழும் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. ஒருநாள் கடை வாசலில் படம் பிடிக்க வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசினேன். "இந்த அக்காவைக் கூட்டத்துல நிக்க வைங்க" என்றார்கள். அப்புறம் பல வருடம் கூட்டத்தில்தான் நின்றேன். துக்க வீட்டில் பின்வரிசையில் அழுதேன், கல்யாண வீட்டில் சாம்பார் வாளி தூக்கினேன். கடைசியில்தான் பெயர் வைத்த ஒரு பாத்திரம் கிடைத்தது. அடுக்குமாடி புளோக்கில் எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரி.

முதல் படப்பிடிப்பு ஆங் மோ கியோவில், நிஜமான ஒரு புளோக்கின் லிஃப்ட் வாசலில் நடந்தது. கதாநாயகியிடம் யாரோ ஒருத்தியைப் பற்றி நான் வம்பு பேச வேண்டும். பாதி வசனத்தில் லிஃப்ட் உண்மையாகவே வந்து நின்று, கதவும் திறந்துவிட்டது. வீட்டுவசதிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவளுக்குத் திறந்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? "லிஃப்ட் வந்துருச்சு, மீதி நாளைக்கு!" என்று சொல்லிவிட்டு, கேமராவையும் கதாநாயகியையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கதவு மூடிக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்றே உறைத்தது.

அது என் சொந்தச் சரக்கும் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கில் என் எதிர்வீட்டு அக்கா தினமும் சொல்வது. எவ்வளவு சுவாரசியமான கதையாக இருந்தாலும் லிஃப்ட் வந்தால் அங்கேயே வெட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு ராத்திரித் தூக்கம் வராது.

திட்டு விழப் போகிறது என்று பயந்துகொண்டே இறங்கி வந்தேன். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "அக்கா, இனிமே ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்லிட்டுத்தான் நீங்க போகணும்" என்றார். அப்படியே சில வாரங்கள் ஓடின.

அப்புறம் யாரோ குறை சொன்னார்களாம், தொலைக்காட்சியில் நல்ல தமிழ் வர வேண்டும் என்று. அடுத்த வாரம் என் கைக்கு வந்த வசனம், "மின்தூக்கி வந்துவிட்டது, மீதியை நாளை பேசிக்கொள்வோம்." மின்தூக்கி நல்ல சொல்தான். செய்தியில் கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வம்பு பேசுகிற வாயில் அது ஏற மாட்டேன் என்றது. நானும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். படப்பிடிப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வசனம் போனது. அதன் பின்னாலேயே நானும் போக வேண்டிய நிலை. "அக்கா, உங்க கேரக்டர் வெளிநாட்டுல, பெர்த்துல இருக்கிற மகள்கிட்ட போயிடுது" என்றார் இயக்குநர், என் முகத்தைப் பார்க்காமல். "சரி தம்பி" என்றேன். மறுபடியும் சாம்பார் வாளிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வழியனுப்பும் காட்சிதான் அன்றைக்கு. தீபாவளிச் சாமான் வாங்கின கையோடு, கதாநாயகியிடம் சொல்லிக்கொண்டு நான் டாக்சி ஏற வேண்டும். கயிறு கட்டி நிறுத்தியிருந்த பக்கம் முழுக்க, கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்து, வாரம் ஒருநாள் லீவில் வெளியே வந்த தமிழ் ஆட்கள். நான் கண்ணீரோடு, "போய் வருகிறேன் அம்மா, நலமாக இரு" என்றேன்.

"அக்கா! லிஃப்ட் வந்துருச்சா?" என்று ஒரு குரல்.

"மீதி நாளைக்கு!" என்று பின்னாலிருந்து பத்துக் குரல்.

இயக்குநர் ஓடினார். "அண்ணே, சத்தம் போடாதீங்க லா, ரெக்கார்டிங் போகுது!"

மறுபடி எடுத்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மீதி நாளைக்கு!" இந்த முறை தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இயக்குநர் முன்னால் நின்றவரிடம் போய், "என்னண்ணே உங்க பிரச்சனை?" என்றார்.

"கிராஞ்சியில நாங்க தங்குற டார்மிட்டரியில காலையில எவனாச்சும் கதை பேசிக்கிட்டு நின்னா, 'லாரி வந்துருச்சு, மீதி நாளைக்கு'ன்னுதான் சார் வேலைக்கு ஏத்துவோம். அக்காவோட டயலாக் அது. கொஞ்ச நாளா சொல்லவே மாட்டேங்குறாங்க. இப்ப ஊருக்கு வேற அனுப்புறீங்களா? நல்லால்ல சார்."

இயக்குநர் திரும்பி வந்து, "அக்கா, உங்க வாய்க்கு வர்றதைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போய் வருகிறேன் எல்லாம் சொல்லவில்லை. கதாநாயகியின் காதருகே குனிந்து, "விஷயம் தெரியுமா? ஏழாம் மாடியில அந்தப் பொண்ணு இருக்கால்ல..." என்று வம்பை ஆரம்பித்தேன். டாக்சி வந்து நின்றது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "டாக்சி வந்துருச்சு..." என்று நிறுத்தினேன்.

"மீதி நாளைக்கு!"

தெரு மொத்தமும் சொன்னது. பூக்கடைக்காரர், சாமான் பையோடு நின்ற குடும்பங்கள், பரோட்டாக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள், எல்லாரும். விசில் பறந்தது. ஒலிப்பதிவு செய்கிற மலாய்க்காரத் தம்பி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கைதட்டினான். டாக்சிக்குள் உட்கார்ந்து நான் அழுதது நடிப்பில்லை.

இயக்குநர் ஜன்னலில் குனிந்து, "என்னக்கா இது? நாளைக்குன்னு ஊருக்கே வாக்கு குடுத்துட்டீங்க. இனி உங்களை எப்படி பெர்த்துக்கு அனுப்புறது?" என்றார்.

அனுப்பவில்லை. அடுத்த வாரக் கதையில் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டதாக விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தேன். லிஃப்ட் மறுபடியும் லிஃப்ட் ஆனது. இன்றுவரை அந்தப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை, தொடரும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு அக்காவிடம் நடந்ததை முழுதாகச் சொல்லப் போனேன். பாதியில் லிஃப்ட் வந்துவிட்டது. போயே விட்டார்!

நினைத்தது நடக்காமல் மனது துவண்டுபோகிற நாட்களில் இப்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தெரு என் காதுக்குள் ஒரே குரலில் சத்தம் போடுகிறது, மீதி நாளைக்கு இருக்கிறது என்று.